கணக்குப்பிள்ளையும் கம்பைலரும்

"கம்பைலர் ஒரு மரமண்டை"ன்னு திட்டாத சி புரோகிராமர் யாராச்சும் இருக்கீங்களா? கை தூக்குங்க பார்ப்போம். ஒருத்தரும் இல்லையா, அதானே! :-) ஆனா அது மரமண்டை இல்லை மக்களே. ரொம்ப ஜாக்கிரதையான ஆள், அவ்வளவுதான்.

சரி, மேட்டருக்கு வருவோம். கொடைக்கானல்ல இருந்து 30 கிலோமீட்டருக்கு மேல உள்ளே போனா மன்னவனூர். சித்தப்பாவுக்கு அங்கே கொஞ்சம் பூண்டு வெள்ளாமை. சுற்றுலா வர்றவங்க ஏரியையும் ஆட்டுப்பண்ணையையும் பார்த்துட்டுக் கிளம்பிடுவாங்க. ஊர்க்காரங்களுக்கு ராத்திரிக் கவலையே வேற: காட்டுமாடு. ஒரு கூட்டம் இறங்கிச்சுன்னா விடியறதுக்குள்ள பாத்தி காலி. அந்தக் குளிர்ல சித்தப்பா கம்பளியைப் போர்த்திக்கிட்டுக் காவல் இருக்கறதைப் பார்க்க மனசு கேட்காம, இன்ஜினியரிங் கடைசி வருஷம் படிக்கிற அவர் பையன் ஒரு சின்ன போர்டுல மைக்கை மாட்டினான். தோட்டத்துல சத்தம் கேட்டா வீட்டுல மணி அடிக்கணும்.

"அண்ணே, எல்லாம் சரியாத்தான் இருக்கு. ஆனா பாதி சத்தத்தைத் தவற விடுதுண்ணே" என்றான்.

கணக்கு இதுதான். பேட்டரி விடியற வரைக்கும் தாங்கணும்னு ப்ராசஸரை விநாடிக்கு 10 லட்சம் சைக்கிளில் மெதுவாக ஓடவிட்டிருந்தான். மைக்கிலிருந்து விநாடிக்கு 8000 எண்கள். அப்படின்னா ஒரு எண்ணுக்கு 125 சைக்கிள்தான். அதைத் தாண்டினா அடுத்த எண் கைநழுவிடும். வேகத்தைக் கூட்டினால் பேட்டரி நடுராத்திரியிலேயே படுத்துடும்.

ஒவ்வொரு எண்ணும் 4 லூப்களைக் கடந்து போகுது. ஒவ்வொரு லூப்பும் பாயிண்ட்டர் வழியாக 3 அளவுகளைப் படிக்குது: பெருக்க ஒண்ணு, கழிக்க ஒண்ணு, உச்சவரம்பு ஒண்ணு. லூப் முடியற வரைக்கும் மூணும் மாறவே மாறாது. ஆனா அசெம்ப்ளியை எடுத்துப் பார்த்தா, ஒவ்வொரு சுற்றிலும் மூணையும் மெமரியிலிருந்து புதுசா எடுத்துக்கிட்டிருக்கு! அந்த மாதிரி குட்டி ப்ராசஸரில் ஒரு லோடுக்கு 2 சைக்கிள். 4 × 3 × 2 = 24. இருக்கிற 125-ல் ஏறக்குறைய அஞ்சில் ஒரு பங்கு, மாறாத மூணு எண்ணைத் திரும்பத் திரும்பப் படிக்கவே போகுது. இத்தனைக்கும் '-ஓ2' போட்டிருந்தான்.

ஏன் இப்படி? வடுகபட்டி பூண்டுச் சந்தையை நினைச்சுக்கோங்க. விலை ஒரு சிலேட்டுல எழுதியிருக்கு. கணக்குப்பிள்ளை ஒவ்வொரு மூட்டைக்கும் எடையை விலையால் பெருக்கி எழுதணும். எங்கே எழுதணும்? "அதோ அந்த இடத்துல" என்று மட்டும்தான் சொல்லியிருக்காங்க. அந்த இடம் அதே சிலேட்டாவே இருந்தா? அவர் எழுதற தொகையே விலையை அழிச்சிடுமே! அதனால ஒவ்வொரு மூட்டைக்கும் எழுந்து போய் விலையைப் பார்த்துட்டு வர்றார். அவர்மேல தப்பே இல்லை. சி மொழியில் ரெண்டு பாயிண்ட்டர் ஒரே இடத்தைக் காட்டலாம். விடையை எழுதும்போது அந்த மூணு அளவுகளில் ஒண்ணு மாறிடுமோன்னு கம்பைலர் பயப்படுது.

'கான்ஸ்ட்' போட்டா தீருமேன்னு தம்பி கேட்டான். தீராது. "இந்தப் பாயிண்ட்டர் வழியா நான் எழுத மாட்டேன்" என்பதுதான் அதுக்கு அர்த்தம். வேற பாயிண்ட்டர் வழியா எழுத அது தடையில்லை. ரெண்டும் வேற வேற டைப், ஒண்ணு இன்ட், ஒண்ணு ஃப்ளோட் என்றால் கம்பைலரே துணிஞ்சு முடிவெடுக்கும். ஆனா இங்கே எல்லாமே இன்ட். (கேரக்டர் பாயிண்ட்டர்னா இன்னும் மோசம், அது எதை வேணும்னாலும் தொடலாம்.)

வைத்தியம் ரொம்ப எளிசு. லூப்புக்கு முன்னாடியே மூணையும் லோக்கல் வேரியபிளில் எடுத்து வெச்சுக்கணும். கணக்குப்பிள்ளை விலையை உள்ளங்கையில் எழுதிக்கிட்ட மாதிரி. லோக்கலின் முகவரியை யாருக்கும் கொடுக்கலைன்னா, அதை வேற யாரும் தொட முடியாதுன்னு கம்பைலருக்குத் தெரியும். ரெஜிஸ்டரில் வெச்சுக்கும்.

இன்னொரு வழி, 1999-ல் வந்த சி99 தரத்தின் 'ரெஸ்ட்ரிக்ட்'. "இந்த இடத்தை வேற பாயிண்ட்டர் வழியா யாரும் தொட மாட்டாங்க" என்று நாம் கொடுக்கிற வாக்கு அது. ஃபோர்ட்ரான்காரர்களுக்கு அந்த மொழியின் விதியிலேயே இந்த வசதி உண்டு. 1988-ல் சியில் 'நோஅலையஸ்' என்று ஒண்ணைக் கொண்டுவரப் பார்த்தபோது, சி மொழியை உருவாக்கின டென்னிஸ் ரிட்சியே கடுமையா எதிர்த்தார். அது கைவிடப்பட்டது. பத்து வருஷம் கழிச்சு, இன்னும் தெளிவான விதிகளோட 'ரெஸ்ட்ரிக்ட்' வந்தது.

வாக்கு கொடுத்துட்டு மீறினா? கம்பைலர் சண்டை போடாது. தப்பான விடையை அமைதியா கொடுக்கும். 'மெம்காப்பி'க்கும் இதே நிபந்தனைதான்: எடுக்கிற இடமும் வைக்கிற இடமும் ஒண்ணுமேல ஒண்ணு விழக்கூடாது. 2010-ல் ஜிலிப்சி அதை வேகப்படுத்தினப்போ, ஃபெடோரா 14-ல் ஃப்ளாஷ் பிளேயரின் சத்தம் கரகரன்னு உடைஞ்சு போச்சு. மேலே விழுகிற இடத்துக்கு 'மெம்மூவ்' போடவேண்டிய இடத்தில் 'மெம்காப்பி' போட்டிருந்தாங்க. அதுவரை அதிர்ஷ்டத்தில் ஓடின கோடு அது.

அதனாலதான் தம்பிகிட்ட லோக்கல் வேரியபிளே போதும்னு சொன்னேன். அந்த ஃபங்ஷனை நாளைக்கு வேற யாரோ, எதையோ கொடுத்துக் கூப்பிடுவாங்க. அவங்களுக்காகவும் நாம வாக்கு கொடுக்க முடியுமா?

நாலு லூப்பிலும் மாத்தினான். சத்தம் தவறுவது நின்னுச்சு, ப்ராசஸர் வேகத்தைக் கூட்ட வேண்டியிருக்கலை. சித்தப்பா இப்பவும் நடுராத்திரியில் ஒரு தடவை எழுந்து போய்த் தோட்டத்தைப் பார்த்துட்டுத்தான் வர்றாராம். அவரை ஆப்டிமைஸ் பண்ண எந்த கீவேர்டும் இல்லை. :-)