இரண்டு கண், இரண்டு வெள்ளை

கண்புரை விழுந்தவர்களுக்கு ஊரில் எல்லாருமே குற்றவாளிகள்தான். பேப்பர்காரன் மையை மிச்சம் பிடிக்கிறான். மின்வாரியம் வோல்டேஜைக் குறைத்துவிட்டது. எதிரே வருகிற பைக்குக்காரன் வேண்டுமென்றே ஹெட்லைட்டை முகத்தில் அடிக்கிறான். எங்கள் தெருப் பிள்ளையார் கோவில் திண்ணையில் சாயங்காலம் கூடுகிற அறுபது தாண்டியவர்கள் சபையில், எல்.இ.டி. பல்பு வந்தபிறகுதான் தெருவுக்கு வெளிச்சம் செத்துப்போனது என்று ஏகமனதாகத் தீர்மானமே உண்டு. கண்ணை யாரும் சந்தேகிப்பதில்லை. முட்டி வலித்தால் முட்டியைத் தடவுகிறோம், பல் வலித்தால் பல்லைப் பிடுங்குகிறோம். புரை வலிக்காது, அரிக்காது, நாள் குறித்துக்கொண்டு வராது. இன்றைக்குத் தெரிந்தது நேற்றுத் தெரிந்ததைப் போலவேதான் இருக்கும்.

எனக்கு அது தெரியவந்தது துணியால். வேலைக்காலம் முழுக்க ஜவுளிக்கடையில் நின்றவன் நான். கருநீலமா கறுப்பா என்று வாடிக்கையாளருக்குச் சந்தேகம் வந்தால் ட்யூப்லைட்டை நம்பமாட்டோம். சேலையைத் தூக்கிக்கொண்டு வாசலுக்குப் போய் வெயிலில் விரித்துக் காட்டுவோம். ஓய்வுபெற்ற பிறகு ஒரு கல்யாண வீட்டுக்காக என் மனைவி சேலைக்கு ரவிக்கைத் துணி பொருத்திக்கொண்டிருந்தாள். நல்ல காலை வெயில். இரண்டும் எனக்கு ஒரே நிறம். மகள் துணியைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தாள். "அப்பா, ஒண்ணு நீலம், ஒண்ணு கறுப்பு. உங்களுக்கா தெரியல?" என்றாள். அந்த வாரமே கண் டாக்டர்.

"ரெண்டு கண்லயும் புரை இருக்கு. வலதுல ஜாஸ்தி. நடுவுல நல்லாப் பழுப்பேறியிருக்கு" என்றார் அவர். புரை முத்தட்டும், அப்புறம் எடுக்கலாம் என்று கேட்டே வளர்ந்தவன் ஆகையால் அதையே சொன்னேன். அவர் சிரித்தார். லென்ஸை முழுசாக எடுத்துவிட்டுத் தடிக் கண்ணாடியை மாட்டி அனுப்பிய காலத்தில், பார்வை நன்றாகப் போன பிறகு கத்தி வைப்பதுதான் லாபம். இப்போது அல்ட்ராசவுண்ட் அதிர்வால் புரையை உடைத்து உறிஞ்சி எடுக்கிறார்கள். முற்றிக் கல்லாகிவிட்டால் உடைப்பதற்கு அதிக நேரம், அதிக அதிர்வு. கருவிழிக்கும் அது நல்லதல்ல. காத்திருந்தால் லாபம் என்ற கணக்கு தலைகீழாகிவிட்டது. ஆனால் திண்ணைச் சபைக்குத் தகவல் இன்னும் போய்ச் சேரவில்லை.

புரை என்றால் கண்மேல் படர்கிற தோல் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். அப்படியில்லை, பாப்பாவுக்குப் பின்னால் இருக்கிற நம் சொந்த லென்ஸே மங்கிப்போவதுதான் புரை. அந்த லென்ஸுக்கு ரத்தக்குழாய் கிடையாது. பழைய செல்லை உதிர்க்கிற வழக்கமும் கிடையாது. வெங்காயத்தைப் போல மேலே மேலே அடுக்கு சேர்ந்துகொண்டே போகும். நடுப்பருப்பு தாயின் வயிற்றிலேயே உண்டானது. அங்கிருக்கிற புரதம் ஆயுள் முழுக்க மாற்றப்படுவதில்லை. வயது, வெயில், சர்க்கரை, புகை எல்லாமாகச் சேர்ந்து அதைப் பழுப்பாக்குகின்றன. என் உடம்பில் இருந்தவற்றிலேயே மிகப் பழைய பொருள்களில் ஒன்றைத்தான் எடுக்கப்போகிறார்கள் என்று தெரிந்தபோது கொஞ்சம் ஒருமாதிரி இருந்தது. என் அம்மா கோவில்பட்டியில் பிள்ளைத்தாய்ச்சியாக நடந்த காலத்துச் சாமான் அது.

எங்கள் ஆச்சிக்கு எழுபதுகளில் பள்ளிக்கூடத்தில் போட்ட முகாமில் ஆபரேஷன் நடந்தது. பெஞ்சுகளை வெளியே போட்டுவிட்டு வகுப்பறையில் வரிசையாகப் பாய். தலைக்கு இரண்டு பக்கமும் மணல் மூட்டை. அசையக் கூடாது, இருமக் கூடாது, பேசவும் கூடாது. ஆச்சிக்குக் கடைசி விதிதான் கஷ்டம். பிறகு சோடாபுட்டிக் கண்ணாடி வந்தது. அதன் வழியே எல்லாம் கால் பங்குக்கு மேல் பெரிசாக, கிட்டத்தில் தெரியும். டம்ளரை எடுக்கக் கை நீட்டுவாள். கை டம்ளருக்கு முன்னாலேயே காற்றில் மூடிக்கொள்ளும். பக்கவாட்டில் நடந்து வருகிறவர் கண்ணாடியின் ஓரத்தில் மறைந்து, திடீரென்று எதிரே முளைப்பார். "எந்த மூதேவிடா பேய் மாதிரி வந்து நிக்கிறது?" என்று ஆச்சி வைத வசவில் பாதிக்கு அந்தக் கண்ணாடிதான் பொறுப்பு. அப்படியும் அவள் அதைக் கழற்றவில்லை. பேரன் முகம் தெரிந்ததே.

அந்த முகாம்களை மதுரைச் சுற்றுவட்டாரத்தில் ஊர் ஊராகக் கொண்டுபோனவர்களில் முன்னால் நின்றவர் டாக்டர் ஜி. வெங்கடசாமி. எட்டயபுரம் பக்கத்து வடமலாபுரத்துக்காரர், அதாவது எங்கள் சீமை. முடக்குவாதத்தில் விரல்கள் கோணிப்போன கை. அந்தக் கையைக் கத்தி பிடிக்கப் பழக்கி லட்சத்துக்கு மேல் கண் ஆபரேஷன் செய்தார். அரசு வேலையில் ஓய்வுபெற்று, 1976இல் மதுரையில் 11 படுக்கைகளோடு அவர் தொடங்கியதுதான் அரவிந்த் கண் மருத்துவமனை.

கண்ணுக்கு உள்ளேயே லென்ஸ் வைக்கிற யோசனை அதற்கு முன்பே லண்டனில் பிறந்துவிட்டது. இரண்டாம் உலகப்போரில் விமானிகளின் கண்ணுக்குள் விமானக் கூண்டின் பெர்ஸ்பெக்ஸ் சில்லுகள் தெறித்துப் புகுந்தன. அவை அங்கேயே கிடந்தும் கண் கோபித்துக்கொள்ளவில்லை என்பதைக் கவனித்தார் கண் டாக்டர் ஹெரால்ட் ரிட்லி. 1949 நவம்பரில் செயின்ட் தாமஸ் மருத்துவமனையில் அதே வகைப் பிளாஸ்டிக்கில் செய்த லென்ஸை ஒரு நோயாளியின் கண்ணில் வைத்தார். கண்ணிலிருந்து எடுக்க வேண்டியதை எடுப்பது நம் வேலை, உள்ளே திணிப்பதல்ல என்று பெரிய டாக்டர்கள் பல வருஷம் அவரோடு மல்லுக்கு நின்றார்கள். கடைசியில் அவருக்கே புரை வந்தபோது அவர் கண்ணிலும் லென்ஸ்தான் வைத்தார்கள். ஆனால் லென்ஸ் கண்டுபிடித்தது மட்டும் நம் ஊர் ஆச்சிகளுக்குப் போதவில்லை. ஒன்று நூறு டாலர் விலையில் வெளிநாட்டிலிருந்து வந்துகொண்டிருந்தது. 1992இல் மதுரையிலேயே ஆரோலேப் என்ற தொழிற்கூடம் தொடங்கி, அதைப் பத்து டாலருக்குள் கொண்டுவந்தார்கள். சோடாபுட்டிக் கண்ணாடி தெருவிலிருந்து காணாமல் போனதற்குக் காரணம் ரிட்லி பாதி, இந்த விலை பாதி என்பது என் கட்சி.

என் ஆபரேஷனைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. நேரமே அதிகம் ஆகவில்லை. அதற்கு முந்திய அளவெடுப்புதான் நீளம். கண்ணின் நீளத்தை அளந்து லென்ஸ் பவரைக் கணக்குப் போடுகிறார்கள். அதில் ஒரு மில்லிமீட்டர் பிசகினால் பவர் இரண்டரை, மூன்று என்று தள்ளிப்போய்விடுமாம். துணி அளந்தவனுக்கு இது புரிகிற விஷயம், ஆனால் நாங்கள் விரற்கடை விட்டுக் கொடுத்துத்தான் பழக்கம். வலது புருவத்துக்கு மேல் மையால் ஓர் அடையாளம் போட்டார்கள். பாப்பா விரிய மருந்து, மரத்துப்போக மருந்து. படுக்கவைத்து முகத்தின்மேல் ஓட்டை போட்ட பச்சைத் துணி. "ஐயா, நேரா விளக்கையே பாருங்க. தலையை மட்டும் ஆட்டாதீங்க" என்றாள் பக்கத்தில் நின்ற நர்ஸ் பிள்ளை, கையையும் பிடித்துக்கொண்டாள்.

கத்தி தெரியவில்லை. தெரிந்தது வெளிச்சம். முதலில் இரண்டு மூன்று விளக்குகள். பிறகு அவை கரைந்து நீலமும் ரோஜா நிறமுமாக ஓடின. குளிர்ந்த தண்ணீர் கன்னத்தில் வழிந்து காதுக்குள் இறங்கியது. மெஷின் ஒரே சுதியில் ரீங்கரிக்கும்; ஏதாவது துண்டு அடைத்துக்கொண்டால் சுதி ஏறும். பல் டாக்டர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தபோது சார்லஸ் கெல்மன் என்ற அமெரிக்க டாக்டருக்குத் தோன்றிய யோசனையாம் இது: பல்லில் காரையை உதிர்க்கிற அதிர்வால் புரையை ஏன் உடைக்கக் கூடாது? 1967இல் செய்தும் காட்டிவிட்டார். பிறகு மூன்று மில்லிமீட்டருக்கும் குறைவான கீறல் வழியாக, சுருட்டிய லென்ஸ் உள்ளே போய்த் தானாக விரிந்தது. தையல் இல்லை. "முடிஞ்சுதுய்யா" என்றார் டாக்டர். லேசர் எப்போது அடிப்பீர்கள் என்று பக்கத்துப் படுக்கையில் ஒருவர் கேட்டுக்கொண்டிருந்தார். பெரும்பாலும் இதில் லேசருக்கு வேலையே இல்லை.

டாக்டரின் வேலை அத்தோடு சரி. மீதி வீட்டு ஆட்சி. சொட்டு மருந்து முதல் வாரம் ஆறு வேளை, அப்புறம் வாரத்துக்கு ஒரு வேளை குறைய வேண்டும். இரண்டு மருந்துக்கும் நடுவில் ஐந்து நிமிஷ இடைவெளி. கீழிமையை இழுத்து, அந்தப் பள்ளத்தில் ஒரே சொட்டு; புட்டி நுனி கண்ணில் படக் கூடாது. என் மனைவிக்கு இதில் வந்த அதிகாரம் அவள் மாமியாராக ஆனபோதுகூட வரவில்லை. ராத்திரி தூக்கத்தில் கசக்கிவிடாமல் இருக்க ஓட்டை போட்ட பிளாஸ்டிக் மூடியைப் பிளாஸ்திரி போட்டு ஒட்டுவாள். குனியாதே, தண்ணீர்க் குடம் தூக்காதே, நெற்றியில் விபூதியை அள்ளிப் பூசாதே. பார்க்க வந்தவர்கள் தலைக்கொரு பத்தியம் சொன்னார்கள். ஒருவருக்குக் கத்திரிக்காய் ஆகாது, ஒருவருக்கு மீன் ஆகாது, இன்னொருவருக்கு உளுந்தே ஆகாது. டாக்டர் சொன்ன பத்தியம் சர்க்கரை ஒன்றுதான். அதை மட்டும் யாரும் காதில் வாங்காமல் ஹார்லிக்ஸும் ஆரஞ்சுமாக வந்தார்கள்.

அந்த நாளில்தான் என்னோடு கடையில் வேலை பார்த்த அண்ணாச்சி தவறிப்போனார். மடிப்புக் கலையாமல் வேட்டியை விசிறிக் காட்டுவதற்கு எனக்குக் கற்றுத் தந்தவர். துக்க வீட்டுக்குப் போனால் தலைமுழுக வேண்டும். எனக்கோ தலையில் தண்ணீர் படக் கூடாது. அதுவும் போக, அழலாமா? ஆஸ்பத்திரிக்கு போன் போட்டுக் கேட்டேன். எதிர்முனையில் அந்தப் பெண் கொஞ்சம் தயங்கினாள். "அழலாம்யா. கண்ணீர் ஒண்ணும் செய்யாது. கையாலயும் துண்டாலயும் கண்ணைத் துடைக்கக் கூடாது. கன்னத்துல வழிஞ்சா சுத்தமான பஞ்சால ஒத்திக்கிடுங்க" என்றாள். தலைமுழுக்கை என் மனைவி தீர்த்துவைத்தாள்: "போகாம இருந்தா நல்லாருக்காது. மாலையைப் போட்டுட்டு வந்து கழுத்துக்குக் கீழ ஊத்திக்கிடுங்க. அண்ணாச்சி ஒண்ணும் நெனைக்க மாட்டாரு." பச்சைக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு போய், பஞ்சும் கையுமாக நின்றேன். சுடுகாட்டுக்கு மட்டும் போகவில்லை. புகை ஆகாது என்றிருந்தார்கள்.

இதற்கெல்லாம் நடுவில், வலது கண் புதுசு, இடது கண் பழசு என்று எனக்குக் கிடைத்த இடைவெளி இருக்கிறதே, அதை யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை. கட்டு அவிழ்த்த காலையில் கொடியில் என் வேட்டி காய்ந்துகொண்டிருந்தது. வலது கண்ணால் பார்த்தால் இப்போதுதான் நீலம் போட்டு அலசிய மாதிரி, கொஞ்சம் நீலமே கூடிய வெள்ளை. அதை மூடி இடதைத் திறந்தால், அதே வேட்டி கோரா நிறம். நல்ல கோராகூட இல்லை, கிட்டங்கியில் வருஷக்கணக்கில் கிடந்த பீஸ். மாறி மாறி மூடித் திறந்து பார்த்தேன். பால், சுண்ணாம்பு, மல்லிகை, மனைவியின் தலை என்று வெள்ளையாக அகப்பட்டதையெல்லாம் பார்த்தேன். எல்லாமே இரண்டிரண்டாக இருந்தன.

பழுப்பேறிய லென்ஸ் நீலத்தையும் ஊதாவையும் உள்ளே விடாமல் தானே குடித்துவிடுகிறது. கொஞ்சம் கொஞ்சமாகக் குடிப்பதால், மூளையும் கூடவே இறங்கிவந்து, கிடைத்ததையே வெள்ளை என்று வைத்துக்கொள்கிறது. ஆள் ஏமாறுவது அதனால்தான்.

பீரோவைத் திறந்து சேலைகளை எடுக்கச் சொன்னேன். அரக்கிலும் மாம்பழ மஞ்சளிலும் இரண்டு கண்ணுக்கும் பெரிய சண்டையில்லை. மயில்கழுத்தில் சண்டை வந்தது: பழைய கண்ணுக்கு அது வெறும் பச்சை, புதுக் கண்ணுக்கு மடிப்பை அசைத்தால் நீலம் ஓடியது. கத்திரிப்பூ நிறத்தில்தான் வழக்கு முற்றியது. இடது கண் அதைக் காபிப்பொடி என்று சாதித்தது. கடையில் கத்திரிப்பூ கேட்டு வருகிறவர்களுக்கு எத்தனை விதமாக விரித்துக் காட்டியிருப்போம், லேசான கத்திரிப்பூ, அடர்ந்த கத்திரிப்பூ, சிவப்போடிய கத்திரிப்பூ என்று. அந்த நிறம் என்னைவிட்டுப் போய் எவ்வளவு காலம் ஆனது? போன தேதி தெரியாது. சேலை ஒன்றை மடியில் போட்டுக்கொண்டு ஒரு கண்ணை மூடியும் திறந்தும் உட்கார்ந்திருந்த என்னைப் பார்த்து, "புத்தி கெட்டுப்போச்சா?" என்றாள் சேலைக்காரி.

இரண்டாவது கண்ணில் புரையை எடுக்க நான் அவசரப்படாததற்கு இதுவும் ஒரு காரணம். அதைச் செய்துவிட்டால் ஒப்பிட்டுப் பார்க்க ஆள் இல்லை. புதுசில் கூடித் தெரிகிற அந்த நீலமும் நாளாக ஆகத் தணிந்துவிடும். மூளை மறுபடி கணக்கைச் சரிசெய்துகொள்ளும். ஆனால் இரண்டு கண்ணும் இரண்டு பவரில் இழுத்ததில் படி இறங்கவே தடுமாற்றம். செய்துகொண்டேன். வேட்டி இப்போது வெறும் வேட்டிதான்.

லென்ஸ் வாங்கும்போது ஒரே பவர் உள்ளது, கிட்டம் தூரம் இரண்டும் தெரிகிற விலை கூடியது என்று வகைவகையாகக் காட்டினார்கள். கவுண்டருக்கு இந்தப் பக்கம் நின்று கேட்பது எனக்குப் புது அனுபவம். சாதாரணத்தையே எடுத்தேன், தூரத்துக்கு. ஆகையால் வெள்ளெழுத்துக் கண்ணாடி மட்டும் விடவில்லை. பஸ் ஸ்டாண்டில் திருச்செந்தூர் வண்டி திரும்பும்போதே போர்டைப் படித்து, கூட நிற்கிறவர்களுக்கும் சொல்கிறேன். ஏறி உட்கார்ந்து கையில் வாங்கிய டிக்கெட்டில் என்ன போட்டிருக்கிறது என்பதைக் கண்டக்டரிடம்தான் கேட்கிறேன்.