மிஷன் ஆஸ்பத்திரி வழியாக

மைசூரு மண்டி மொஹல்லாவில் ஆட்டோ திரும்பினால் அத்தை கையை நீட்டிவிடுவாள். "மூணு புள்ளையும் இங்கதான்." ஹோல்ட்ஸ்வொர்த் நினைவு மருத்துவமனை என்றால் அவளுக்குத் தெரியாது; மிஷன் ஆஸ்பத்திரி. டாக்டர் யார் என்பதுகூட மறந்துபோச்சு. ஒரு சிஸ்டரம்மாவை மட்டும் மறக்கவில்லை. "கையைத் தேய்ச்சு சூடு பண்ணிட்டுத்தான் வயித்தத் தொடுவா."

அந்த ஆஸ்பத்திரியின் பதிவேடுகள் உலகப் புகழ் பெற்றவை. 1934 முதல் அங்கே பிறந்த குழந்தைகளின் எடை, நீளம், தலைச் சுற்றளவு எல்லாம் எழுதி வைத்திருந்தார்கள். வெகுகாலம் கழித்து, நடுவயது தாண்டிவிட்ட அந்தக் 'குழந்தைகளை' மைசூரு முழுக்கத் தேடிப்பிடித்து நெஞ்சைச் சோதித்தார்கள். எடை குறைவாகப் பிறந்தவர்களிடம் இதய நோய் அதிகம் என்று 1996இல் லான்செட் இதழில் கட்டுரை வந்தது. 1997-98இல் அங்கேயே 830 கர்ப்பிணிகளுக்குச் சர்க்கரைப் பரிசோதனை. நூற்றுக்கு ஆறு பேருக்குக் கர்ப்பகாலச் சர்க்கரை நோய் இருந்தது. தாயின் இடுப்பெலும்பு அகலம்வரை அளந்த ஊர் இது. சூடான கைக்கு எந்த ஏட்டில் இடம்?

தங்கையின் முதல் பிரசவத்துக்குப் போனது வேறோர் ஆஸ்பத்திரி. கர்ப்பிணிகளுக்குத் தரும் தாயி கார்டில் எடை, பிபி, ரத்தம் எல்லாம் ஒழுங்காக ஏறும். எழுதுகிற பெண் மட்டும் நிமிர்ந்து பார்க்கமாட்டாள். படுக்கைக்குத் திரை உண்டு, பாதிதான் மூடும். வெளியே வந்ததும் படிவத்தோடு ஒரு மாணவி நின்றாள். திருப்தியா? "சென்னாகி நோட்கொண்ட்ரு", நல்லாப் பார்த்துக்கிட்டாங்க என்று கன்னடத்தில் சிரித்தபடி சொல்லிவிட்டாள் தங்கை. மாசமாக இருப்பவள், நாளைக்கும் அதே வாசலை மிதிக்க வேண்டியவள், வேறென்ன சொல்வாள்? ஏழை நாடுகளில் இப்படி வாசலில் வைத்துக் கேட்கிற கணக்குகளில் மனநிறைவு பெரும்பாலும் தூக்கலாகத்தான் வரும். எனக்கு அவற்றில் பெரிய நம்பிக்கை இல்லை.

கர்ப்ப காலத்தில் நாலு முறை பார்த்தால் போதும் என்றிருந்த உலக சுகாதார நிறுவனம் 2016இல் அதை எட்டாக்கியது. பெண்ணுக்கு அது நல்ல அனுபவமாகவும் இருக்க வேண்டும் என்றது. அத்தையைக் கேட்டிருந்தால் அறுபதுகளிலேயே சொல்லியிருப்பாள்.

வாசலில் படிவத்தோடு கேட்பதானால் ஒன்று கேட்கலாம்: அடுத்த பிள்ளைக்கும் இங்கேயே வருவீங்களா? தங்கை போகவில்லை. ரெண்டாவதுக்கு ரெண்டு பஸ் மாறி வேறிடம் போனாள். அங்கேயும் அதே கூட்டம், அதே வரிசை. அப்புறம் எதுக்குடி இந்த அலைச்சல் என்றேன்.

"ஊசி போடறதுக்கு முன்னாடி எதுக்குன்னு சொல்றாங்கக்கா."