ஏரி மேல் ஓடும் லாரிகள்

"அம்மா, இப்ப நம்ம கார் எது மேல போகுது தெரியுமா?" என்று கேட்டாள் என் பெண்.

"ரோடு மேலதான், வேற எது மேல?"

"ரோடு இல்லேம்மா, ஏரி!"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பேரனின் முதல் பிறந்தநாளுக்காகக் கனடாவின் வடக்கே எல்லோநைஃப் நகருக்குப் போயிருந்தேன். பிப்ரவரி மாதம். அங்கே கிரேட் ஸ்லேவ் ஏரி உறைந்ததும், டெட்டா கிராமத்துக்குப் போக அதன் மேலேயே ஆறரை கிலோமீட்டர் பாதை போட்டுவிடுகிறார்கள். பின் ஸீட்டில் பேரன் நிம்மதியாகத் தூங்கினான். நான்தான் வழி முழுக்க 'முருகா, முருகா' என்று சொல்லிக்கொண்டே வந்தேன்.

மறுநாள் பிறந்தநாள் விருந்துக்குப் பக்கத்து வீட்டுப் பெண் வந்தாள். "உங்க வீட்டுக்காரர் வரலையா?" என்றேன்.

"அவர் லாரியோட ஏரி மேல இருக்கார்" என்றாள், ஏதோ கடைத்தெருவுக்குப் போயிருப்பது போல!

எல்லோநைஃபுக்கு 60 கிலோமீட்டருக்கு அப்பால், டிபிட் ஏரியில் தொடங்கி வடக்கே சுரங்கங்களுக்குப் போகிறது அந்தப் பாதை. 1982-ல் முதன்முதலாகப் போட்டார்களாம். நூற்றுக்கு 85 பங்கு உறைந்த ஏரிகள் மேல்தான். வருஷத்தில் சுமார் இரண்டு மாதமே திறந்திருக்கும். அதற்குள் டீசல், சிமெண்டு என்று வருஷத்துக்கு வேண்டிய சாமான்களையெல்லாம் கொண்டு சேர்த்துவிட வேண்டும்.

முழுப் பாரத்துக்குப் பனிக்கட்டி சுமார் ஒரு மீட்டர் கனம் இருக்க வேண்டும். மேலே விழும் பனித்தூள் கம்பளி மாதிரி. அது கிடந்தால் ஏரியில் குளிர் இறங்காது. அதனால் வழித்துத் தள்ளிக்கொண்டே இருக்கிறார்கள்.

இவ்வளவு கனம் இருந்தும் பாரமேற்றிய லாரி மணிக்கு 25 கிலோமீட்டருக்கு மேல் போகக் கூடாதாம். ஏன் தெரியுமா? நிறைகுடத்தோடு வேகமாக நடந்தால் தண்ணீர் தளும்பும் அல்லவா? அதே கதைதான். லாரியின் பாரத்தில் பனிக்கட்டி லேசாக வளைகிறது. லாரி நகர நகர, அடியிலுள்ள தண்ணீரில் ஓர் அலையும் கூடவே வருகிறது. வேகம் கூடினால் அலை பெருத்து, கரையோரத்தில் பனிக்கட்டியை உடைத்துவிடும். லாரிக்கு லாரி இடைவெளி விடுவதும் இதனால்தான்.

"ஒரு வருஷம் எங்க பொண்ணோட பிறந்தநாளுக்கு வந்துடணும்னு கொஞ்சம் வேகமா ஓட்டினார்" என்றாள் அந்தப் பெண், குரலைத் தாழ்த்தி. "கரை பக்கத்துல வந்தாச்சு. முன் சக்கரம் ரெண்டும் உள்ளே இறங்கிடுச்சு. கதவைத் திறந்து குதிச்சதால உயிர் பிழைச்சார். அந்த ஸீஸன் முழுக்க வேலை இல்லை. போனா போகட்டும், ஆள் வந்தாரே!"

2006-ல் குளிர் போதவில்லை. பாதையைச் சீக்கிரமே மூடிவிட்டு, மீதிச் சாமான்களை ஏகப்பட்ட செலவில் விமானத்தில் அனுப்பினார்களாம். பணம் போனால் சம்பாதிக்கலாம். ஏரியில் போன உயிர் வருமா?

"முன்னெல்லாம் கிளம்பும்போது, 'சீக்கிரம் வந்துடுங்க'ன்னு சொல்லுவேன். இப்ப சொல்றதில்லை. 'மெதுவா வாங்க'ன்னுதான் சொல்றேன்" என்றாள்.

ஊர் திரும்பிய மறுநாள், இவர் ஸ்கூட்டரை எடுத்தார். "சாயங்காலம் சீக்கிரம்..." என்று ஆரம்பித்தவள், சட்டென்று நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

"நிதானமாவே வாங்க. காப்பியை அப்புறம் சூடு பண்ணித் தரேன்."