கடலை உரிக்கும் கை

எனக்கு எழுதக் கற்றுக்கொடுத்தவர் எழுத்தாளர் இல்லை, அச்சுக்கோப்பாளர். சென்னையில் ஓர் அச்சகத்தில் ஈய எழுத்துகளைக் கோக்கும் வேலையில் சேர்ந்து, கணினி வந்த பிறகு மெய்ப்புத் திருத்துபவராக மாறி, கண் தளர்ந்ததும் சொந்த ஊரான உத்திரமேரூருக்கே திரும்பியவர். கடைத்தெருவில் நான் வேலை பார்த்த ஜெராக்ஸ் கடைக்கு ஒரு மனுவைத் தட்டச்சு செய்துகொள்ள வந்தார். நான் அடித்துக் கொடுத்த தாளைக் கண்ணருகே பிடித்துப் படித்துவிட்டு, விடுபட்ட ஒற்றுகளையெல்லாம் பென்சிலால் வட்டமிட்டார். "இதையெல்லாம் சரி பண்ணிக் குடும்மா. மனு வாங்குறவர் நம்மள எழுத்த வெச்சுத்தான் எடை போடுவாரு" என்றார். நான் நாவல் எழுத முயல்வதைச் சொன்னபோது, "எடுத்துட்டு வா, கேக்கறேன்" என்றார். படிக்கிறேன் என்று சொல்லவில்லை. அந்த வித்தியாசம் எனக்குப் பின்னால்தான் விளங்கியது.

நான் எழுத நினைத்தது எங்கள் ஊர்க் கல்வெட்டை வைத்து ஓர் இளையோர் நாவல். பேருந்து நிலையத்திலிருந்து நடக்கிற தூரத்தில் வைகுண்டப் பெருமாள் கோயில். அதன் சுவரில் முதலாம் பராந்தக சோழனின் 12, 14ஆம் ஆட்சியாண்டுகளில், அதாவது கி.பி. 919லும் 921லும் வெட்டிய, ஊர் வாரியங்களுக்கு ஆள் தேர்ந்தெடுக்கும் குடவோலை விதிகள் இருக்கின்றன. பள்ளிப் பாடத்தில் எல்லோரும் மனப்பாடம் செய்த விஷயம். 2020 டிசம்பரில் புதிய நாடாளுமன்றக் கட்டடத்துக்கு அடிக்கல் நாட்டிய விழாவிலும் பிரதமரின் பேச்சில் இடம்பெற்றது.

என்னை இழுத்தது அந்த விதிகளுக்கு நடுவே நிற்கும் ஒரு சிறுவன். ஊரில் முப்பது குடும்புகள், இன்றைய வார்டுகள் போல. ஒவ்வொரு குடும்பிலும் தகுதி உள்ளவர்களின் பெயர்களை ஓலைகளில் எழுதி, குடும்புவாரியாகக் கட்டிக் குடத்தில் இடுவார்கள். பெரியவர் சிறியவர் எல்லோரும் கூடியிருக்க, கோயில் பூசகர்களான நம்பிமாரில் மூத்தவர் குடத்தைத் தூக்கிக் காட்டுவார். உள்ளே இருப்பது என்னவென்று அறியாத ஒரு சிறுவன் ஒரு கட்டை எடுப்பான். அதை அவிழ்த்து வேறொரு குடத்தில் போட்டுக் குலுக்கியதும், அவனே ஓர் ஓலையை எடுத்து நடுவரான மத்தியஸ்தனிடம் தருவான். மத்தியஸ்தன் ஐந்து விரல்களையும் விரித்து உள்ளங்கையில் வாங்கிப் பெயரை வாசிப்பான். உடனிருக்கும் நம்பிமார் எல்லோரும் மறுபடி வாசித்த பிறகுதான் அந்தப் பெயர் செல்லும். வயது வரம்பு முதலில் 30 முதல் 60 என்றிருந்தது. இரண்டே ஆண்டில் அதை 35 முதல் 70 என்று மாற்றினார்கள். ஊராட்சியைத் தன் கையால் எடுத்துக் கொடுக்கும் பையன், தன் பெயர் அந்தக் குடத்துக்குள் போக இருபது ஆண்டுக்கு மேல் காத்திருக்க வேண்டும். வாக்குரிமை இன்னும் கைக்கு வராத பதினாறு வயதுப் பிள்ளைக்கு இவனைப் புரியும் என்று நம்பினேன்.

நம்பிக்கை இருந்தது, கைவேலை தெரியவில்லை. முதல் அத்தியாயத்தைச் சோழர் வரலாற்றில் தொடங்கியிருந்தேன். பராந்தகனின் போர்கள், சதுர்வேதிமங்கலம் என்றால் என்ன, வாரியங்கள் எத்தனை என்று பக்கங்கள் ஓடின. சம்வத்சர வாரியத்துக்கு 12 பேர், தோட்ட வாரியத்துக்கு 12 பேர், ஏரி வாரியத்துக்கு 6 பேர் என்ற கணக்கும் அதில் உண்டு. ஐயா என்று நான் அழைக்கும் அந்த அச்சுக்கோப்பாளர் திண்ணையில் முறத்தை வைத்துக்கொண்டு விதைக்கடலை உரித்துக்கொண்டிருந்தார். நான் உரக்க வாசித்தேன். முடித்ததும், "என் கையப் பாத்தியா?" என்று கேட்டார். பார்க்கவில்லை என்றேன். "நிக்கவே இல்ல. கதைக்குள்ள போயிருந்தா கை தானா நின்னுருக்கும். நீ இவ்ளோ நேரம் என்கிட்ட பேசிட்டு இருந்த, அவ்ளோதான்" என்றார்.

அதற்குப் பிறகு வாசிக்கும்போதெல்லாம் ஒரு கண் தாளிலும் ஒரு கண் அவர் கையிலும் இருந்தது. கடலை இல்லாத நாளில் புளியில் கொட்டை எடுப்பார். எந்த வேலையானாலும் கை ஓடிக்கொண்டே இருக்கும். உவமைகளை அடுக்கினேன், கை ஓடியது. சிறுவனை அழ வைத்தேன், அப்போதும் ஓடியது. பெரிய எழுத்தாளர்களைப் பார்த்துப் பார்த்து நீளமான வாக்கியங்கள் எழுதிப் பார்த்தேன், கடலை உடையும் சத்தம்தான் பதிலாக வந்தது. வீட்டுக்குத் திரும்பும் வழியில் பல நாள் தொண்டை அடைத்துக்கொள்ளும். அவர் ஒரு நாளும் ஆறுதல் சொன்னதில்லை. "நாளைக்கு வா" என்பார்.

ஒரு நாள் உள்ளே போய்ப் பழைய ஸ்டிக் ஒன்றை எடுத்துவந்து என் கையில் வைத்தார். அச்சுக்கோப்பாளர் இடது கையில் பிடித்துக்கொண்டு எழுத்துகளை ஒவ்வொன்றாக அடுக்கும் சிறிய உலோகத் தட்டு அது. சில ஈய எழுத்துகளையும் வைத்திருந்தார். தலைகீழாகவும் இடவலம் மாறியும் இருக்கும் அந்த எழுத்துகளைக் கொண்டு என் வாக்கியம் ஒன்றைக் கோக்கச் சொன்னார். "மிகவும் அழகான அந்தப் பழமையான மண்டபத்தின்" என்பதை முடிப்பதற்குள்ளேயே விரல் நுனி கறுத்து, மணிக்கட்டு இழுத்தது. "இப்ப சொல்லு, 'மிகவும்' வேணுமா?" என்றார். வேண்டாம் என்று என் மணிக்கட்டே சொன்னது. சொல்லுக்கு எடை உண்டு என்பதை நான் கற்றது அப்படி. இப்போதும் கைப்பேசியில் தட்டச்சு செய்யும்போது, தேவையில்லாத அடைமொழி ஒன்று விழுந்தால் இடது மணிக்கட்டில் அந்த இழுப்பு தெரிகிறது.

அடுத்த சிக்கல் பேச்சு. என் பாத்திரங்கள் மேடையில் பேசினார்கள். பத்தாம் நூற்றாண்டுப் பேச்சு யாருக்கும் தெரியாது, அதனால் செந்தமிழ்தான் சரி என்று வாதிட்டேன். "பேச்சு எந்தக் காலத்துது வேணா இருக்கட்டும்மா. மூச்சு மனுசனோடதா இருக்கணும்" என்றார். உரக்க வாசித்து, மூச்சு வாங்கும் இடத்தில் பென்சிலால் கோடு போடச் சொன்னார். கோடு இல்லாமல் ஓடிய வரிகள் யாரும் பேச முடியாத வரிகள். எளிய செந்தமிழிலேயே குட்டை வாக்கியங்களாக உடைத்தேன். பையன்கள் பையன்களாகப் பேசத் தொடங்கினார்கள்.

ஐயா ஒரு கேள்வி கேட்டார், அதுதான் நாவலையே மாற்றியது. "அந்தக் குடத்துல யார் பேரெல்லாம் இருந்துது?" வரி கட்டும் கால் வேலி நிலம், சொந்த மனையில் வீடு, வேதப் படிப்பு என்று விதிகளைச் சொன்னேன். "உங்க வீட்டுப் பேரு இருந்திருக்குமா?" என்றார். என் அம்மா இன்றைக்கும் நடவுக்குப் போகிறவர். எங்கள் பெயர் அந்த ஓலையில் ஏறியிருக்காது, எந்தப் பெண்ணின் பெயரும் ஏறியிருக்காது. ஊர்ப் பெருமையாக மட்டும் நான் எழுதிவந்த கதைக்குள், வைரமேக தடாகம் என்று அந்நாளில் பெயர் பெற்ற எங்கள் ஏரியின் கரையில் மண் சுமக்கும் குடும்பத்துப் பெண் ஒருத்தி வந்தாள். அவள்தான் ஓலை எடுக்கும் சிறுவன் பாலனிடம், உள்ளே யார் பெயர் இருக்கிறது என்று கேட்கிறாள். பெருமையைக் குறைக்காமல் உண்மையையும் சொல்ல முடியும் என்பதை அவளை எழுதித்தான் கற்றேன். அந்தக் கல்வெட்டை இப்போது முன்னைவிட அதிகமாக நேசிக்கிறேன்.

கை நின்றது ஒரு சாயங்காலம். கணக்குக் காட்டாதவரும் அவருடைய உறவினரும் வாரியத்துக்கு வர முடியாது என்பது கல்வெட்டு விதி. என் கதையில், நிலுவைக் கணக்கை மறைக்க நினைக்கும் தாய்மாமன், தனக்கு வேண்டியவன் பெயர் எழுதிய ஓலையின் ஓரத்தில் நகத்தால் கீறி வைத்து, அதை எடுக்கும்படி பாலனிடம் சொல்லியிருப்பான். சபை பார்த்திருக்கிறது. குடத்துக்குள் ஓலைகளின் சொரசொரப்பு. விரலில் கீறல் தட்டுகிறது. மாமன் சபையிலிருந்து இருமுகிறான். அதற்கு மேல் பாலனின் மனப் போராட்டத்தை விளக்கி ஒரு பக்கம் எழுதி வைத்திருந்தேன். வாசிக்கும்போது ஏனோ அந்தப் பக்கத்தை விட்டுவிட்டு நிறுத்தினேன். முறத்தில் கடலை அப்படியே கிடந்தது. ஐயா என்னைப் பார்த்து, "எதை எடுத்தான்?" என்றார். விடுபட்ட பக்கத்தை அன்றிரவே கிழித்தேன்.

நடுவே அவர் சொல்லி இன்றைய நூல்களையும் படித்தேன். கீழடியைக் கதைக்களமாக்கி உதயசங்கர் எழுதிய 'ஆதனின் பொம்மை' 2023இல் பால சாகித்திய புரஸ்கார் பெற்றது. வரலாறு எவ்வளவு மெலிதாகக் கதைக்குள் இருக்கலாம் என்பதற்கு அதைத் திரும்பத் திரும்பப் படித்தேன். யெஸ். பாலபாரதியின் 'மரப்பாச்சி சொன்ன ரகசியம்' 2020இல் அதே விருதைப் பெற்றது. பெரியவர்கள் பேசத் தயங்கும் விஷயத்தைப் பிள்ளைகளிடம் நேராகப் பேசலாம் என்று அது காட்டியது. பக்கத்தில் வந்தவாசியில் இருக்கும் மு. முருகேஷ் 2021இல் அந்த விருதைப் பெற்றார் என்பது எங்களைப் போன்ற சிற்றூர்க்காரர்களுக்குத் தனித் தெம்பு.

புத்தகம் வந்தது. ஒரு பதிப்பு என்றால் 1,200 படிகள் என்றிருந்த காலத்தை ஐயா சொல்வார். இப்போது நூறு படிகள்கூட அச்சிடலாம். அச்சிடுவது எளிதாகிவிட்டது, புத்தகம் வந்திருக்கிறது என்று நாலு பேருக்குத் தெரியவைப்பதுதான் பாடு. பதிப்பகத்திடம் விளம்பரத்துக்குப் பணம் இல்லை. ஆகவே கைப்பேசியை எடுத்தேன்.

நாவலில் கற்றதையெல்லாம் இங்கே மறந்தேன் என்றுதான் சொல்ல வேண்டும். கைக்குக் கிடைத்த வாட்ஸ்அப் குழுக்களில் எல்லாம் அட்டைப் படத்தைப் போட்டு, "வாங்கி ஆதரவு தாருங்கள்" என்று எழுதினேன். சில குழுக்களில் என்னை நீக்கினார்கள். கோயில் முன் நின்று, "வணக்கம், நான் எழுதியிருக்கும் இந்த நாவல் பத்தாம் நூற்றாண்டின்..." என்று இன்ஸ்டாகிராமுக்கு ரீல் எடுத்தேன். பேருந்தின் ஹாரன் பாதிப் பேச்சை விழுங்கியிருந்தது. ரீலின் கீழே எழுதும் குறிப்பில் ஒட்டிய இணைப்பு அழுத்தினால் திறக்காது, அதை முகப்புக் குறிப்பில்தான் வைக்க வேண்டும் என்பதுகூடத் தெரியாமல் இருந்தேன். யூடியூபில் ஏற்றிய காணொளிக்குப் பார்வையாளர் எந்த நொடியில் விலகுகிறார் என்று ஒரு கோடு காட்டும். என் கோடு தொடக்கத்திலேயே சரிந்து கிடந்தது. எழுதியபோது பட்ட அவமானத்தைவிட இது கூடுதலாக வலித்தது, ஏனென்றால் இந்த முறை விலகியவர்கள் என் வாசகர்கள்.

அந்தக் கோட்டை ஐயாவுக்கு விளக்கினேன். அவரிடம் பட்டன் போன்தான் உண்டு. நிமிர்ந்து உட்கார்ந்து, "எந்த இடத்துல எழுந்து போறான்னு இதுவே காட்டிக் குடுக்குதா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். "அப்புறம் என்னம்மா? உனக்கு ஆயிரம் கை கடலை உரிச்சுக் காட்டுது. பாத்து எழுது" என்றார். பிறகு சொன்னார்: "படிங்கன்னு கேக்காத. படிச்சுக் காட்டு."

ஓலை எடுக்கும் பகுதியை வாசித்துப் பதிவு செய்தோம். மின்விசிறியை நிறுத்தி, ஜன்னலைச் சாத்தி, கைப்பேசியைப் புத்தக அடுக்கின் மேல் சாய்த்து வைத்தேன். என் முகம் வேண்டாம், புத்தகத்தைப் பிடித்திருக்கும் விரல்கள் போதும் என்றார். வணக்கமும் முன்னுரையும் போயின. முதல் வாக்கியத்திலேயே கை குடத்துக்குள் இருந்தது. கைப்பேசியில் சத்தத்தை அணைத்துப் பார்ப்பவர்களுக்காக எழுத்தையும் கீழே ஓட விட்டேன். அதில் ஓர் ஒற்றுப்பிழை இருந்ததற்காக அவர் மறுபடி ஏற்றச் சொன்னார். "ரீலுன்னா ப்ரூஃப் பாக்க வேணாம்னு யாரு சொன்னது?" மாமன் இருமும் இடத்தில் நிறுத்தினோம். இந்த முறை கோடு கடைசி வரை தாங்கியது. கீழே பிள்ளைகள் கேட்டிருந்தார்கள்: எந்த ஓலையை எடுத்தான்?

அடுத்துத் தெரிந்துகொண்டது, இளையோர் நூலில் படிப்பவரும் வாங்குபவரும் வேறு வேறு ஆட்கள் என்பது. பிள்ளையைப் பிடிப்பது அந்த ஒரு நிமிட வாசிப்பு. பணம் அனுப்புவது அம்மாவின் கைப்பேசியிலிருந்து, அல்லது பள்ளி நூலகத்துக்காக ஓர் ஆசிரியரிடமிருந்து. ஆசிரியர்களுக்காக, வகுப்பிலேயே குடவோலை நடத்திப் பார்க்கும் முறையை ஒரு பக்கத்தில் எழுதி இலவசமாக அனுப்பினேன். தகுதி விதிகளை மாணவர்களே வகுக்க வேண்டும், யாரை விலக்குகிறோம் என்றும் அவர்களே சொல்ல வேண்டும். பல வகுப்புகளிலிருந்து படங்கள் வந்தன. பிள்ளைகளின் முகம் தெரியும் எதையும் நான் பொதுவில் போடுவதில்லை, விளம்பரத்துக்கு எவ்வளவு உதவினாலும். இது ஐயா சொல்லாமல் நானே எடுத்த முடிவு. கேட்டுவிட்டுத் தலையசைத்தார். அவரிடம் அதற்கு மேல் பாராட்டு கிடையாது, எனக்கு அது போதுமாக இருந்தது.

முதல் அச்சு தீர்ந்து இரண்டாம் அச்சு வந்திருக்கிறது. ஏரிக்கரைப் பெண்ணை நாயகியாக்கி அடுத்த நாவலைத் தொடங்கியிருக்கிறேன். முதல் அத்தியாயத்தை ஐயா இன்னும் ஏற்கவில்லை. இதைப் படிப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள்: உங்கள் வீட்டில் பதின்வயதுப் பிள்ளை இருந்தால், தமிழில் வரும் இளையோர் நாவல் ஒன்றை வாங்கி, படி என்று சொல்லாமல், ஒரு பகுதியை நீங்களே உரக்க வாசித்துக் காட்டுங்கள். நல்ல இடத்தில் நிறுத்திவிட்டுப் புத்தகத்தை அங்கேயே வைத்துவிட்டுப் போங்கள்.