மலைத்தீயும் மரக்கன்றும்

பங்குனி, சித்திரை இரவுகளில் சேரன்மகாதேவியிலிருந்து மேற்கே பார்த்தால், சில ஆண்டுகளில் மலைச்சரிவில் தீ மாலைபோல் ஊர்வது தெரியும். "தீ வச்சாத்தாம்டே புதுப்புல்லு வரும்" என்பார், அடிவாரத்தில் ஆடு மேய்க்கும் என் மாமா.

தாவரவியல் படிக்க வந்தபின் அவர் சொல்லை என்னால் தள்ளிவிட முடியவில்லை. புல்லின் உயிர் மண்ணுக்குள். மழை விழுந்ததும் தளிர்க்கிறது. வேங்கைக்குத் தடித்த பட்டை. சிற்றீச்சமோ கருகிய பின்னும் குருத்து விடும்! இமயச் சரிவின் சிர் பைனும் இந்தச் சாதிதான். பட்டை தீயைத் தாங்கும். உதிர்ந்த ஊசியிலைகளே தீக்கு இரை. அருகில் முளைத்த ஓக் கன்றுகள்தாம் பொசுங்கும்.

அந்தக் கன்றுகளை மாமா கணக்கில் சேர்ப்பதில்லை. ஆண்டுதோறும் எரியும் சரிவில் பெரிய மரங்கள் நிற்கும், வாரிசு இராது. வெற்றிடத்தில் உண்ணிச்செடி புகும்; காய்ந்தால் அதுவே அடுத்த தீக்குச் சுள்ளி. 2018 மார்ச் 11-இல் குரங்கணி மலையில் தீ 20-க்கும் மேற்பட்டோரைக் கொன்றதை நாம் மறக்கவில்லை.

இதைச் சொன்னபோது மாமா, "அப்ப என் ஆட்டுக்கு நீயா புல்லு தருவ, மருமவனே?" என்றார். என்னிடம் பதில் இல்லை. ஆனால் அவருடைய கால் ஏக்கர் நெல்லுக்குப் பாயும் கன்னடியன் கால்வாய்த் தண்ணீர் அந்த மலைக்காட்டில் ஊறி வருவது என்றேன். நெடுநேரம் பேசாதிருந்தார். பிறகு, "மேலக்காட்டுப் பக்கம் போவ விடமாட்டோம்" என்றார்.