எண்பது லிட்டர்

எண்பது லிட்டர் தண்ணீரின் எடை எண்பது கிலோ. ஆறாம் வகுப்பில் படித்த விஷயம்தான். ஆனால் அதை நான்கு கேன்களில் நிரப்பி ஒவ்வொன்றாகத் தூக்கி வண்டியின் பின்புறம் ஏற்றியபோதுதான் அது என்னைவிடப் பதினாறு கிலோ கூடுதல் என்று உடம்புக்குத் தெரிந்தது. எங்களோடு மூன்றாவது ஆள் ஒருவர் வருகிறார், எங்கள் இருவரையும்விடக் கனமானவர், பேசாதவர் என்று நினைத்துக்கொண்டேன்.

2023 அக்டோபரில் ஆஸ்திரேலியாவில் அடிலெய்டில் அக்காள் வீட்டில் மூன்று வாரம் இருந்தேன். வங்கி எழுத்தன் ஒருவன் வெளிநாடு போக எத்தனை காகிதங்களில் கையெழுத்து வாங்கவேண்டும் என்பது தனிக்கட்டுரைக்கான விஷயம். அத்தான் அங்கே பஸ் பணிமனையில் மெக்கானிக். வருஷத்துக்கு ஒரு முறையாவது உள்நாட்டுப் பாலைக்கு வண்டியை எடுத்துக்கொண்டு போய்விடுவார். இந்தத் தடவை ஊட்னடாட்டா தடம். மரீ என்ற சிற்றூரிலிருந்து மார்லா வரை சுமார் 620 கிலோமீட்டர் மண்சாலை. ஆளுக்கு ஒரு நாளைக்குப் பத்து லிட்டர் என்பது அத்தானின் கணக்கு. குடிக்க ஐந்தாறு போதும். சமையலும், கையலம்புவதும், எதிர்பாராததும் மிச்சத்தில் அடக்கம். இரண்டு பேர், நான்கு நாள், எண்பது லிட்டர்.

கடையில் குழாய் வைத்த ஒரே பெரிய தொட்டி ஒன்றைக் கண்டு அதை வாங்கிவிடலாம் என்றேன். மலிவு, பார்க்கவும் ஒழுங்காக இருந்தது. ஒழுங்கில் எனக்கு எப்போதுமே ஒரு மயக்கம் உண்டு. அத்தான் என் தொழிலை வைத்தே பதில் சொன்னார்: "எல்லாப் பணத்தையும் ஒரே சீட்டுக் கம்பெனில போடுதவன்ட்ட நீ என்ன சொல்லுவ, மாப்ளே?"

கேன்கள் நீல நிறம். அங்கே நீலம் என்றால் தண்ணீர், சிவப்பு பெட்ரோல், மஞ்சள் டீசல். ஒரு தடவை பெட்ரோல் பிடித்த கேனில் பிறகு எத்தனை கழுவினாலும் தண்ணீர் பிடிக்கக்கூடாது. புது பிளாஸ்டிக்கின் வாடை போக ஆப்பச்சோடா கலந்த நீரில் இரண்டு நாள் ஊறவைத்தார். கழுத்துவரை நிரப்பச் சொன்னார். அரைகுறையாக நிரப்பினால் தண்ணீர் உள்ளே அலைந்துகொண்டே வரும், கேனின் இணைப்பு விட்டுப்போகும். கூரைமேல் வைத்தால் வண்டியின் தலை கனத்துவிடும். அதனால் பின் சக்கரங்களுக்கு முன்னால், தாழ்வாக, பட்டை போட்டு இறுக்கி, மேலே பழைய கம்பளி. வெளிச்சம் பட்டால் பாசி. இவை தவிர முன்பக்கம் ஒரு கான்வாஸ் பை தொங்கியது. துணியின் வழியே கசியும் நீர் காற்றில் ஆவியாகி மிச்ச நீரைக் குளிர வைக்கும். நம் மண்பானையின் தத்துவம்தான். இது ஓடும்போது குளிர்கிற பானை. குடித்தால் சாக்கு வாடை அடித்தது.

பி.ஏ. மூன்றாம் வருஷம் பேட்ரிக் வைட்டின் 'வாஸ்' படித்தேன். 1957ல் வந்த நாவல். 1848ல் உள்நாட்டுக்குள் போய்க் காணாமற்போன லைக்கார்ட் என்ற ஜெர்மானியரின் நிழல் அதில் உண்டு. தாகம் என்பது ஆன்ம தாகம் என்று நோட்டில் எழுதிக்கொண்டோம். அதன்பின் நானே எத்தனையோ கவிதைகளுக்கு விமர்சனம் எழுதுகையில் நீர் ஒரு குறியீடு என்று கூசாமல் எழுதியிருக்கிறேன். இருபது லிட்டர் கேனின் கைப்பிடி விரலில் பதிந்திருக்கும்போது அந்த வாக்கியங்களை நினைத்துக்கொள்வது சுகமாக இல்லை.

மரீ என்பதன் ஆங்கில எழுத்துகளைப் பார்த்து முதலில் மாரி என்றே படித்தேன். வருஷத்துக்கு இருநூறு மில்லிமீட்டர் மழைகூடப் பெய்யாத ஊர். அங்கிருந்து வடக்கே பிரிகிற இன்னொரு சாலைதான் பேர்ட்ஸ்வில் தடம். 1963 டிசம்பரில் அந்தத் தடத்தில் தாய், தகப்பன், மூன்று மகன்கள் என ஒரு குடும்பமே தாகத்தில் இறந்தது. வண்டியை விட்டு நடந்து போயிருந்தார்கள். வண்டி நின்றால் வண்டியோடு இரு என்பது அங்கே பிள்ளைகளுக்கும் தெரிந்த விதி. நடக்கிறவனை வானத்திலிருந்து கண்டுபிடிப்பது கஷ்டம். தவிர, தண்ணீர் வண்டியில் இருக்கிறது. எண்பது கிலோவைத் தோளில் போட்டுக்கொண்டு யாரும் நடக்கமுடியாது. ரேடியேட்டர் நீரைக் குடிக்கலாம் என்று நினைப்பவர்கள் இப்போதும் உண்டாம். அதில் கலந்திருப்பது விஷம்.

மரீயைத் தாண்டினால் சாலை ஆஸ்பெஸ்டாஸ் கூரைமேல் ஓட்டுவது மாதிரி வரிவரியாக இருக்கிறது. பக்கத்திலேயே கான் என்ற பழைய ரயில்பாதையின் மேடு. 1980ல் நின்றுபோன ரயில். பாதை ஏன் இங்கே வந்தது என்பதற்குப் பதிலும் தண்ணீர்தான். பூமிக்கடியில் பரந்துகிடக்கும் பெரும் ஆர்ட்டீசியப் படுகையின் நீர் இந்த விளிம்பில் ஊற்றுகளாக மேலே வருகிறது. அரபானா மக்கள் நடந்த ஊற்று வரிசையைப் பிடித்துக்கொண்டே ஸ்டூவர்ட் போனான். 1872ல் தந்திக் கம்பி போனது. பிறகு ரயிலும் போனது. கர்டிமர்க்கா நிலையத்தில் இரும்புக் கோபுரம் ஒன்று நிற்கிறது. ஊற்றுநீரின் உப்பு என்ஜின் கொதிகலனுக்கு ஆகாததால் நீரைப் பக்குவப்படுத்த வைத்தது. என்ஜினே குடிக்க மறுத்த நீர்.

அதைத் தாண்டிச் சற்றுத் தூரத்தில் அந்த ஊற்றுகளில் ஒன்றைப் பார்த்தோம். மேட்டின் உச்சியில் வட்டமான சிறு குளம்; நடுவில் மணல் கொதிப்பதுபோல் குமிழியிட்டுப் புரள்கிறது. பத்து லட்சம் வருஷத்துக்கும் முன்னால் மண்ணுக்குள் இறங்கிய மழை மேலே வந்துகொண்டிருக்கலாம். அதன் எதிரே நின்று பிளாஸ்டிக் வாடையடிக்கிற அடிலெய்டுக் குழாய்த் தண்ணீரைக் குடித்தேன்.

அன்றிரவு கவர்ட் ஸ்பிரிங்ஸில் கூடாரம் போடும்போது படுக்கைத் துணி நனைந்திருந்தது. ஒரு கேன் கையோடு எழும்பி வந்தது, காலி. பின்பக்கத்தில் துருத்திக்கொண்டிருந்த ஒரு திருகாணித் தலை, நாள் முழுக்க உரசி உரசிக் கேனில் மிளகளவு ஓட்டை போட்டுவிட்டது. இருபது லிட்டர் எங்களுக்குத் தெரியாமல் 130 கிலோமீட்டருக்கு ஒழுகியிருக்கிறது. தொட்டி வாங்கியிருந்தால் எண்பதும் போயிருக்கும். அத்தான் அதைச் சொல்லிக்காட்டவில்லை. திருகாணிமேல் பழைய டயர்த் துண்டை வைத்துக் கட்டினார். மிச்சம் ஐம்பத்திரண்டு லிட்டர் என்று நான் டார்ச் வெளிச்சத்தில் டைரியில் எழுதிக்கொண்டேன்.

மறுநாள் வில்லியம் க்ரீக் விடுதியில் பாட்டில் தண்ணீர் வாங்கலாமென்றேன். வேண்டாம், போதும் என்றார். அதிலிருந்து நான் ஒவ்வொரு மிடறையும் எண்ணிக்கொண்டு வந்தேன். வெயில் முப்பத்தெட்டைத் தொட்டது. அறுபது கிலோமீட்டர் தாண்டியிருப்போம், சாலையோரம் ஒரு ஜீப்பும் அதன் பின்னால் இழுவை வீடும் சாய்ந்து நின்றன. எழுபதைத் தாண்டிய வெள்ளைக்காரத் தம்பதி. அச்சு முறிந்திருந்தது. சாட்டிலைட் போனில் சொல்லியாகிவிட்டது, ஆனால் இழுத்துப்போகிற வண்டி மறுநாள்தான் வரும். அவர்கள் நீரெல்லாம் இழுவை வீட்டின் அடியில் ஒரே தொட்டியில் இருந்திருக்கிறது. கல் தெறித்து அது கிழிந்துவிட்டது. கையில் ஒரு பாட்டிலும் சொச்சமும்.

அத்தான் குனிந்து அச்சைப் பார்த்துக்கொண்டிருந்தார். கிழவர் என்னிடம் வந்து, உங்களிடம் உபரியாகத் தண்ணீர் இருக்குமா என்று கேட்டார். சாதாரணமாக, நேரம் கேட்பதுபோல் கேட்டார்.

"எங்கள் கேன் ஒன்று ஓட்டையாகிவிட்டது" என்றேன்.

அது நிஜம். வண்டிக்குள் நாற்பத்தைந்து லிட்டர் இருந்ததும் நிஜம். கடன் கேட்டு வருகிறவரிடம் இல்லை என்று சொல்லாமலே இல்லை என்பதைப் புரியவைக்கும் வாக்கியங்களைப் பத்து வருஷமாகக் கௌண்ட்டருக்குப் பின்னாலிருந்து சொல்லிப் பழகிய நாக்கு. கிழவர் தலையசைத்தார். இந்தச் சாலையில் அப்படி ஆகும் என்று எனக்கே ஆறுதல் சொன்னார். மறுபடி கேட்கவில்லை.

அத்தான் எழுந்து கையைத் துடைத்துக்கொண்டு நேரே வண்டிக்குப் போனார். யாரையும் கேட்காமல் முழுக் கேன் ஒன்றை இறக்கி, அவர்கள் நிழலில் வைத்து, மேலே கம்பளியின் ஒரு முனையைக் கிழித்து மூடினார். கிழவரின் மனைவி கேனைத் திருப்ப விலாசம் கேட்டாள். அவர் கையை ஆட்டிவிட்டார். கிழவர் என்னைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தாலும் அதில் குற்றச்சாட்டு இருந்திருக்காது. அதுதான் கஷ்டமாக இருந்தது.

வெகுதூரம் வரை பேச்சில்லை. பிறகு ஆல்ஜிபக்கினாவில், 1892ல் கட்டிய அந்த நீண்ட இரும்பு ரயில்பாலத்தின் கீழே டீ போடும்போது சொன்னார்: "ஓட்டையானதச் சொன்னது சரி. மிச்சத்தயும் சொல்லியிருக்கலாம்லா."

சொல்லியிருக்கலாம்.

அடிலெய்டு திரும்பியபின் நூலகத்தில் சில நாள் உட்கார்ந்தேன். நீர் தேடிப்போன வெள்ளைக்காரர்களின் கதைகள் அபத்தத்தில் ஒன்றையொன்று மிஞ்சுபவை. ஸ்டர்ட் 1844ல் உள்நாட்டுக் கடலைத் தேடி ஒரு படகைப் பாலைவனத்துக்கு இழுத்துப்போனார். மறு வருஷம் ஒரு நீர்நிலையோரம் வறட்சியால் ஆறு மாதம் சிறைப்பட்டார். வெயிலில் பென்சிலின் ஈயம் கட்டையிலிருந்து கழன்று விழுந்ததாக எழுதியிருக்கிறார். பர்க்கும் வில்ஸும் 1861ல் இறந்தது கூப்பர் ஓடையருகே, நீர் பக்கத்திலேயே இருக்க, தின்பதற்கு வழி தெரியாமல். அவர்களோடிருந்த கிங்கை மட்டும் யண்ட்ருவண்டா மக்கள் சோறிட்டுக் காப்பாற்றினார்கள்.

ஆனால் என்னை உட்காரவிடாமல் செய்தது கேனிங். 1906ல் மேற்கு ஆஸ்திரேலியாவில் மாடுகளை ஓட்டிப்போக ஒரு வழியை அளந்தவர். நீர் எங்கே இருக்கிறதென்று காட்ட அந்நிலத்து மக்களைப் பிடித்துக் கழுத்தில் சங்கிலி போட்டுக் கூட்டிப்போனார். கூடப் போன சமையல்காரர் புகார் செய்ததால் 1908ல் ராயல் கமிஷன் விசாரித்தது, கேனிங் குற்றமற்றவர் என்றது. 1910க்குள் கிணறுகளும் வெட்டியாயிற்று, அநேகமாக அந்த மக்களின் பழைய ஊற்றுகள் இருந்த இடங்களிலேயே. ஊற்று என்ற சொல்லைச் சும்மா எழுதவில்லை. எங்களூர் வைப்பாற்றில் கோடையில் மணலைப் பறித்துச் சிரட்டையால் மொண்டு குடம் நிரப்புவார்களே, அதேதான். அவர்கள் நீரைச் சுமந்து திரிந்தது குறைவு. அது எங்கே இருக்கிறது என்பதைச் சுமந்தார்கள். சங்கிலி கட்டியும் சிலர் காட்டாமல் இருந்திருந்தால், ஒட்டகங்கள் குடித்துத் தீர்த்தபின் தங்கள் பிள்ளைகளுக்கு மிஞ்சாது என்பதால். அப்படி மறைப்பதற்கு ஒரு நியாயம் இருக்கிறது. எனக்கு அதைக் கடன் வாங்க முடியாது. மறுநாள் மாலை ஊட்னடாட்டாவில் குழாயடி இருந்தது.

அருங்காட்சியகத்தில் மரத்தைக் குடைந்த நீள்வட்டத் தட்டு ஒன்றைப் பார்த்தேன். பெண்கள் அதில் நீர் முகந்து தலையில் வைத்துப் போவார்களாம், சிந்தாமலிருக்க மேலே இலைதழையைப் போட்டு. பக்கத்தில் கயிற்றால் சுற்றிய ஒரு வளையம். அதற்கென்ன ஆங்கிலப் பெயர் எழுதியிருந்தாலும், சும்மாடு. சுமந்தவர்களுக்கு அந்த அளவு போதுமாக இருந்திருக்கிறது, அடுத்த ஊற்றுவரை.

விமானம் ஏறுவதற்கு முந்தின நாள் மிச்ச நீரைக் கொட்டினோம். இரண்டு கேன்களிலுமாகப் பதினேழு லிட்டர். மரநிழலில் ஒரு டம்ளர் குடித்துப் பார்த்தேன், ஆப்பச்சோடாவின் ருசி லேசாக இருந்தது. எலுமிச்சை மரத்தின் தூரில் மெதுவாக ஊற்றினேன். அக்காள் அடுக்களை ஜன்னலிலிருந்து, எதுக்குடா இத்தனை நேரம் என்றாள். காலிக் கேன்களைக் கவிழ்த்து வைத்து மூடியைத் திருகப்போனேன்.

"தெறந்தே வை. மூடினா நாறும்" என்றார் அத்தான்.