எப்பொறி சிறந்தது?

தமக்குப் பிடித்த ஒன்றைப் புகழ வேண்டுமாயின் மற்றொன்றை இகழ்ந்தேயாக வேண்டும் என்னும் எண்ணம் மாணவரிடையே வேரூன்றியிருப்பதை நாம் காண்கிறோம். தொலைக்காட்சியுடன் இணைத்து வீட்டில் ஆடும் வீடியோ விளையாட்டுப் பொறிகளைப் பற்றிய வாதம் இதற்கு நல்ல சான்று. நண்பர்கள் முகங்கொடுத்துப் பேசாதிருக்கும் அளவிற்கு அது முற்றுவதுண்டு. இன்றைய பொறிகளை விடுத்து, யப்பானில் எழுந்து முடிந்துபோன ஒரு பழைய போட்டியை எடுத்துக்கொண்டால், சினமின்றி ஆராயலாம்.

சூப்பர் நின்ரெண்டோ என்னும் பொறிக்கு இறுவட்டுக் கருவியொன்றை அமைப்பதில் நின்ரெண்டோவும் சோனியும் முதலிற் கூடி முயன்றன. 1991இல் நின்ரெண்டோ பிலிப்ஸ் நிறுவனத்தின் பக்கம் சாய்ந்தது. தனித்து விடப்பட்ட சோனி, 1994 டிசெம்பரில் பிளேஸ்ரேஷன் என்னும் சொந்தப் பொறியை வெளியிட்டது. 1996 யூனில் நின்ரெண்டோ 64 வந்தது.

முன்னதன் செயலி 32 பிட். பின்னதன் செயலி 64 பிட். எண்ணை மட்டும் நோக்குவோர் பின்னதே வெல்லும் என்பர். ஆனால் போட்டியைத் தீர்மானித்தது வேறொன்று. நின்ரெண்டோ, விளையாட்டுகளைப் பழையபடி கார்ட்றிட்ஜ் என்னும் சிறு பெட்டிகளிலேயே தந்தது. பொருத்தியதும் ஆட்டம் தொடங்கும். சிறுவர் கையிற் கீறல் விழுந்து கெடும் அச்சமில்லை. ஆயினும் அது கொள்ளக்கூடியது 64 மெகாபைட்டே; ஆக்கும் செலவும் மிகுதி. சோனியின் இறுவட்டோ ஏறத்தாழ 650 மெகாபைட் கொள்ளும், மலிவானது. ஆனால் பொறி அதனை வாசித்து முடிக்கும்வரை காத்திருத்தல் வேண்டும். ஆட்டத்தைச் சேமிக்க நினைவட்டையும் தனியே வாங்கவேண்டும்.

1987 முதல் நின்ரெண்டோவின் பொறிகளில் வெளிவந்த ‘பைனல் பான்ரசி’யின் ஏழாம் பாகம், 1997இல் மூன்று இறுவட்டுகளாகப் பிளேஸ்ரேஷனில் வந்தது. இடம் தேடிய கதை இடமுள்ள வீட்டிற்குக் குடிபெயர்ந்தது எனலாம். பிளேஸ்ரேஷன் 10 கோடிக்கு மேலும், நின்ரெண்டோ 64 ஏறத்தாழ 3 கோடியே 30 இலட்சமும் விற்பனையாயின.

அங்ஙனமாயின் தோற்றது தாழ்ந்ததா? அன்று. பிளேஸ்ரேஷனில் இருவருக்கே நேரடி இணைப்பு இருந்தது. நின்ரெண்டோ 64இல் நால்வர் ஒருங்கே அமரலாம். முப்பரிமாண உலகில் எத்திசையிலும் உலவ ஏற்ற சிறு கோலொன்று அதன் கைப்பிடியில் தொடக்கத்திலேயே இருந்தது. பிளேஸ்ரேஷனின் கைப்பிடிக்கு அத்தகைய கோல்கள் 1997இலேயே வந்தன. நீண்ட கதையில் தனித்து ஆழ்பவனுக்கு ஒன்று. உடன்பிறந்தார் நால்வர் உள்ள வீட்டிற்கு மற்றொன்று.

குணமும் குறையும் தனித்தனியே முளைப்பன அல்ல; ஒரே தெரிவின் இரு கிளைகள் அவை. பெற்றோரின் பணத்தைச் செலவிடுமுன் மாணவர் ஒன்று செய்யட்டும்: தாம் விரும்பும் பொறியின் குறை ஒன்றையும், வெறுக்கும் பொறியின் குணம் ஒன்றையும் வாய்விட்டுச் சொல்லட்டும். அதன்பின் வாதம் தொடருமாயின், அது கேட்கத்தக்கதாயிருக்கும்.